வாசகர் கேள்வி–பதில்: ‘டாப் கியர்’ இன்னும் ருசிக்கிறதா?

பிபிசியின் கார் நிகழ்ச்சியான ‘டாப் கியர்’ பற்றி வாசகர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு எங்கள் மோட்டார் பகுதிக் குழு பதில் தருகிறது.

கேள்வி: கல்லூரியில் படிக்கும் என் மகன் ராத்திரி வெகுநேரம் ‘டாப் கியர்’ பார்க்கிறான். பக்கத்தில் உட்கார்ந்து நானும் பார்த்தேன். மூன்று பேர் ஒருவரையொருவர் கிண்டல் செய்கிறார்கள், ஒரு கார் தீப்பிடித்து எரிகிறது. நிஜமாகவே இதில் ரசிக்க ஏதாவது மிச்சம் இருக்கிறதா, பழைய பெயரை வைத்து ஓட்டுகிறார்களா?
— வாசகர், சேலம்

பதில்: முதலில் ஒரு விவரம். புதிய எபிசோடுகள் இப்போது வருவதில்லை. 33-ஆவது தொடர் 2022 டிசம்பரில் முடிந்தது. அதே மாதம் நடந்த படப்பிடிப்பு விபத்துக்குப் பிறகு வேலை நின்றது. 2023 நவம்பரில், இனி தற்போதைக்கு நிகழ்ச்சி இல்லை என்று பிபிசி அறிவித்துவிட்டது. ஆகவே உங்கள் மகன் பார்ப்பது எல்லாமே பழைய சரக்கு. அது இன்றைக்கும் ருசிக்கிறதா என்றால், பாதி ருசிக்கிறது. எந்தப் பாதி என்று பிரித்துப் பார்க்க ஓர் அளவுகோல் உண்டு: திரையில் ஓடும் வண்டி உண்மையிலேயே தோற்றுப்போக இடம் இருந்ததா? இருந்தால் அந்த எபிசோடு இருபது வருடம் கழித்தும் நிற்கும். முடிவை முன்கூட்டியே எழுதி வைத்துவிட்டு வண்டியைப் பொம்மையாக இழுத்து வந்திருந்தால், இரண்டாம் தடவை பார்க்க முடியாது.

இந்த நிகழ்ச்சி 1977-ல் பர்மிங்ஹாம் பெபிள் மில் ஸ்டூடியோவில் வட்டார நிகழ்ச்சியாகத் தொடங்கியது. செய்தி வாசிப்பாளர் ஆஞ்சலா ரிப்பனும் டாம் காயினும் வழங்கினார்கள். புதுக் காரில் டிக்கி எவ்வளவு பெரியது, கேலனுக்கு எத்தனை மைல், ரோட்டில் எப்படி ஓட்ட வேண்டும் என்று அடக்கமாகப் பேசிய நிகழ்ச்சி அது. 2001-ல் நிறுத்தப்பட்டது. 2002 அக்டோபரில் தொகுப்பாளர் ஜெரமி கிளார்க்சனும் தயாரிப்பாளர் ஆண்டி வில்மனும் ஒரு மணி நேர நிகழ்ச்சியாக அதை மறுபடி கட்டி எழுப்பினார்கள். ரிச்சர்ட் ஹாமண்ட் முதல் தொடரிலேயே வந்தார்; ஜேம்ஸ் மே 2003-ல் சேர்ந்தார். இரண்டுக்கும் பெயர் ஒன்று, சரக்கு வேறு.

மகனோடு சேர்ந்து பார்க்க நான்கு எபிசோடுகளைச் சொல்கிறோம். 2007 போட்ஸ்வானா பயணத்தில் ஒரு லான்சியா பீட்டா, ஒரு மெர்சிடிஸ் 230ஈ, 1963-ஆம் வருட ஓப்பல் கேடட் ஆகிய மூன்றையும் மக்கடிகடி உப்பளத்தின் மேல் ஓட்டுகிறார்கள். உப்பளத்தின் மேலோடு அப்பளம் போல. கனமான வண்டி அதை உடைத்துக்கொண்டு கீழே இருக்கும் சேற்றில் இறங்கிவிடும். அதனால் லான்சியாவிலும் மெர்சிடிஸிலும் கழற்ற முடிந்ததையெல்லாம் கழற்றி எறிகிறார்கள். சின்னக் கேடட் எதையும் கழற்றாமல் தப்பிக்கிறது. எடை என்றால் என்ன என்பதை இதைவிடத் தெளிவாக எந்த வகுப்பிலும் சொல்ல முடியாது. அதே 2007-ல் ஒரு டொயோட்டா ஹைலக்ஸ் காந்த வடதுருவத்தை நோக்கிப் பனிக்கடலின் மேல் போனது. அகல டயரில் காற்றை வெகுவாகக் குறைத்து, தரையைத் தொடும் பரப்பைக் கூட்டி, பனியில் புதையாமல் நகர்த்திய விதத்தைக் கவனியுங்கள்.

2008 வியட்நாம் எபிசோடில் கையில் கொடுத்த 1.5 கோடி டொங்குக்கு (வியட்நாம் நாணயம்) கார் கிடைக்கவில்லை. ஒரு வெஸ்பா, ஒரு ஹோண்டா சூப்பர் கப், ஒரு மின்ஸ்க் பைக் வாங்கி, சைகோனிலிருந்து ஹாலாங் வரை எட்டு நாளில் போகிறார்கள். 2009 பொலிவியாவில் ஜேம்ஸ் மே ஓட்டுவது சுசுகி எஸ்ஜே413. நம்ம ஊர் மாருதி ஜிப்ஸியின் உடன்பிறப்பு. அந்தப் பயணத்தில் 5,000 மீட்டருக்கு மேல் ஏறும்போது மனிதர்களுக்கும் மூச்சு முட்டுகிறது, வண்டிகளுக்கும் முட்டுகிறது. அந்த உயரத்தில் காற்றின் அடர்த்தி கடல் மட்டத்தில் இருப்பதில் சுமார் 60 சதவீதம்தான். டர்போ இல்லாத என்ஜினின் சக்தியும் ஏறக்குறைய அதே அளவுக்குக் குறைந்துவிடும். அவர்கள் திரும்பி இறங்குவது நாடகம் அல்ல, கணக்கு.

2010-க்குப் பிறகு வசனம் எழுதிப் பேசுவது பளிச்சென்று தெரியத் தொடங்கிவிட்டது. 2015 மார்ச்சில், தயாரிப்பாளர் ஒருவரைத் தாக்கியதற்காக கிளார்க்சனின் ஒப்பந்தத்தைப் பிபிசி புதுப்பிக்கவில்லை. மற்ற இருவரும் அவரோடு வெளியேறினார்கள். 2016-ல் கிறிஸ் இவான்ஸ் வந்த தொடரை நீங்கள் தாராளமாகத் தாண்டிப் போகலாம். அதற்குப் பிந்திய வருடங்களின் தொகுப்பாளர்களில் பார்க்கத் தகுந்தவர் கிறிஸ் ஹாரிஸ். வண்டியை வழுக்க விட்டுக்கொண்டே, எந்தச் சக்கரம் பிடி இழந்தது, ஏன் இழந்தது என்று அவர் சொல்லும்போது பழைய மூவரிடமும் இல்லாத ஒன்று கிடைக்கிறது. மூவர் கூட்டணியின் பிந்தைய பயணங்கள் ‘தி கிராண்ட் டூர்’ என்ற பெயரில் அமேசான் பிரைமில் 2016 முதல் 2024 வரை வந்தன.

கேள்வி: பிரபலங்கள் ஓட்டிய ‘நியாய விலைக் கார்’ நம் நாட்டில் விற்ற காரா?
— வாசகர், திருநெல்வேலி

பதில்: ஒன்று விற்றது. 2006 முதல் ஓடிய செவர்லே லசெட்டிதான் இங்கே செவர்லே ஆப்ட்ரா. அதற்கு முன்னால் சுசுகி லியானா, பிறகு கியா சீட், பிறகு வாக்ஸால் ஆஸ்ட்ரா. கியாவில் நிகழ்ச்சியின் தடத்தை ஒரு சுற்று வர டாம் குரூஸ் 2010-ல் 1 நிமிடம் 44.2 விநாடி எடுத்தார். 2012-ல் நடிகர் மாட் லெப்ளாங் அதே காரில் 1 நிமிடம் 42.1 விநாடியில் முடித்தார். விருந்தாளியாக வந்து இப்படி ஓட்டியவர்தான் 2016-ல் நிகழ்ச்சியின் தொகுப்பாளரானார்.

கேள்வி: பழைய ஹைலக்ஸ் ஒன்றைக் கடலில் மூழ்கடித்து, எரித்து, கட்டடத்தோடு சேர்த்து இடித்துத் தள்ளியும் அது ஸ்டார்ட் ஆனது. அது நிஜமா? நிஜமென்றால், வெள்ளத்தில் நின்ற என் டீசல் கார் மட்டும் ஏன் என்ஜினோடு போனது?
— வாசகர், வேளச்சேரி, சென்னை

பதில்: நிஜம்தான். 2003-ல் எடுத்தார்கள். 1988-ஆம் வருட டீசல் ஹைலக்ஸ், அதற்கு முன்பே மூன்று லட்சம் கிலோமீட்டர் ஓடியது. விதி என்னவென்றால், மெக்கானிக் கையில் சாதாரண ஸ்பானர் செட் மட்டும், உதிரிபாகம் மாற்றக்கூடாது. பர்னம்-ஆன்-சீ கடற்கரையில் கட்டி வைத்தார்கள். அலை ஏறியதும் கயிறு அறுந்து வண்டி மூழ்கியது. இழுத்து வந்து, தண்ணீரை வடித்து, துடைத்து, ஸ்டார்ட் செய்தார்கள்.

அது பிழைத்ததற்கும் உங்கள் வண்டி பிழைக்காததற்கும் ஒரே பெரிய காரணம்: மூழ்கும்போது ஹைலக்ஸின் என்ஜின் ஓடிக்கொண்டிருக்கவில்லை. நிறுத்திய என்ஜினுக்குள் தண்ணீர் போனால் அது உட்கார்ந்திருக்கும், அவ்வளவுதான். ஓடும் என்ஜின் ஏர் ஃபில்டர் வழியாகத் தண்ணீரை உறிஞ்சினால் கதை வேறு. காற்று அமுங்கும், தண்ணீர் அமுங்காது. மேலே வரும் பிஸ்டன் தண்ணீரில் முட்டி நிற்க, பிஸ்டனைத் தாங்கும் கனெக்டிங் ராடு வளைகிறது. சில சமயம் உடைந்து பிளாக்கைக் குத்திக்கொண்டு வெளியே வருகிறது. டீசல் என்ஜினில் அமுக்க விகிதம் அதிகம், மேலே மிஞ்சும் இடம் குறைவு. ஆகவே பெட்ரோலைவிடக் குறைந்த தண்ணீரே போதும், ராடு போய்விடும்.

இரண்டாவது காரணம், அந்தக் காலத்து டீசலில் எரிபொருள் பம்பு முழுக்க முழுக்க இயந்திரம். ஒரு தடவை சுற்ற ஆரம்பித்துவிட்டால், டீசலும் காற்றும் இருக்கும்வரை ஓடும். இன்றைய காமன் ரெயில் டீசலில் இசிஎம் (என்ஜினை ஆளும் கணினி), சென்சார்கள், வயரிங் கனெக்டர்கள் எல்லாம் உயிரோடு இருந்தால்தான் இன்ஜெக்டர் திறக்கும். உப்பு நீரும் சாக்கடை நீரும் கனெக்டர் பின்களைப் பச்சை பிடிக்க வைத்துவிடும். அன்றைக்கு ஓடிய வண்டிகூட மூன்று மாதம் கழித்து வழியில் நிற்கும்.

மறுபடி இப்படி நேர்ந்தால் என்ன செய்ய வேண்டும் என்பதை வரிசையாகச் சொல்கிறோம். தண்ணீர் இறங்கியதும் ‘ஒரு தடவை செல்ஃப் அடித்துப் பார்ப்போமே’ என்ற எண்ணத்தை முதலில் விடுங்கள். பல என்ஜின்கள் வெள்ளத்தில் சாவதில்லை, மறுநாள் காலையில் அடிக்கும் அந்த ஒரு செல்ஃபில்தான் சாகின்றன. பேட்டரியின் நெகட்டிவ் டெர்மினலைக் கழற்றுங்கள். ஏர் ஃபில்டர் பெட்டியைத் திறந்து பாருங்கள். ஃபில்டர் நனைந்திருந்தாலோ பெட்டியின் அடியில் தண்ணீரோ சேறோ இருந்தாலோ, என்ஜினுக்குள்ளும் போயிருக்கிறது என்றே வைத்துக்கொள்ளுங்கள். டிப்ஸ்டிக்கை உருவுங்கள். ஆயில் அளவு கூடியிருந்தாலும், பால் கலந்த காபி நிறத்தில் இருந்தாலும் ஆயிலில் தண்ணீர் கலந்துவிட்டது.

அதன்பின் வண்டியைத் தள்ளியோ கியரில் இழுத்தோ ஸ்டார்ட் செய்யாமல், ரெக்கவரி வண்டியில் ஏற்றிக் கொண்டுபோங்கள். மெக்கானிக் செய்ய வேண்டியது: பெட்ரோலானால் எல்லா ஸ்பார்க் பிளக்கையும், டீசலானால் ஹீட்டர் பிளக் அல்லது இன்ஜெக்டரையும் கழற்றி, கிராங்க் புல்லி போல்ட்டில் ஸ்பானர் போட்டுக் கையால் இரண்டு முழுச் சுற்று சுற்றுவது. உள்ளே இருக்கும் தண்ணீர் அந்த ஓட்டை வழியாகப் பீய்ச்சி வெளியேறும். கையில் தடங்கல் இல்லாமல் சுற்றினால் ராடு தப்பியிருக்க வாய்ப்பு உண்டு. பிறகு ஆயிலை வடித்து, ஆயில் ஃபில்டர் மாற்றி, புது ஆயில் ஊற்றி, சில நிமிடங்கள் ஓடவிட்டு, மறுபடியும் வடித்து மாற்ற வேண்டும். ஒரு தடவை மாற்றினால் போதாது, மூலை முடுக்கில் தங்கிய ஈரம் இரண்டாவது ஆயிலில்தான் வரும். கியர் பாக்ஸ் ஆயிலையும் பார்க்கச் சொல்லுங்கள். அதன் மூச்சுக் குழாய் வழியாகவும் தண்ணீர் இறங்கும்.

இன்சூரன்ஸ் விஷயத்தில் ஒன்று: சாதாரண முழுப் பாலிசி இருந்தாலும், தண்ணீர் உறிஞ்சி என்ஜின் உடைந்ததற்குப் பொதுவாகப் பணம் தர மாட்டார்கள். அதற்கு ‘என்ஜின் புரொடெக்ட்’ என்ற கூடுதல் பாதுகாப்பைத் தனியாக எடுத்திருக்க வேண்டும். மழைக்காலத்துக்கு முன்பே பாலிசியை எடுத்துப் படியுங்கள்.

கேள்வி: எலெக்ட்ரிக் கார்களை வேண்டுமென்றே மட்டம் தட்டினார்கள் என்கிறார்களே, உண்மையா?
— வாசகர், ஓசூர்

பதில்: இரண்டு சம்பவங்கள். 2008 டிசம்பரில் டெஸ்லா ரோட்ஸ்டரைச் சோதித்தபோது, தங்கள் டிராக்கில் ஓட்டினால் 55 மைலில் சார்ஜ் தீர்ந்துவிடும் என்று சொல்லி, வண்டியை ஆட்கள் தள்ளிக்கொண்டு போவதைக் காட்டினார்கள். வண்டியில் சார்ஜ் தீரவே இல்லை என்று டெஸ்லா 2011-ல் வழக்குப் போட்டது. தோற்றது; 2013-ல் மேல்முறையீடும் தள்ளுபடி ஆனது. பந்தயத் தடத்தில் ஓட்டுவதும் சாலையில் ஓட்டுவதும் வேறு என்பது பார்ப்பவருக்குத் தெரியும் என்பதே நீதிமன்றத்தின் பார்வை. சட்டப்படி அது சரி. ஆனால் தீராத சார்ஜைத் தீர்ந்ததுபோல் காட்டியது நேர்மையான சோதனை அல்ல. 2011-ல் நிசான் லீஃபை லிங்கன் நகரில் நிறுத்திக் காட்டியது அதைவிட மோசம். கிளம்பும்போதே பேட்டரியில் 40 சதவீதம்தான் இருந்தது என்று வண்டியின் பதிவிலிருந்து நிசான் எடுத்துக் காட்டியது. மேலே சொன்ன அளவுகோல்படி இது தோல்வி: முடிவு முதலில், ஓட்டம் பிறகு.

55 மைல் என்ற எண் மட்டும் அபத்தம் அல்ல. ரோட்ஸ்டரின் பேட்டரி 53 யூனிட். கம்பெனி சொன்ன 200 மைலை (320 கி.மீ.) எடுத்தால் கிலோமீட்டருக்கு 0.165 யூனிட் செலவு. 55 மைல் என்றால் 88 கி.மீ., கிலோமீட்டருக்கு 0.6 யூனிட். மூன்றரை மடங்கு. டிராக்கில் ஒவ்வொரு வளைவுக்கும் முழு பிரேக், அடுத்த நொடி முழு மிதி. காற்றை எதிர்த்துத் தள்ளத் தேவையான சக்தியோ வேகத்தின் மும்மடிப் பெருக்கமாக ஏறுகிறது: வேகம் இரட்டித்தால் சக்தி எட்டு மடங்கு.

உங்கள் எலெக்ட்ரிக் காரின் நிஜமான தூரத்தை விளம்பரத்தில் தேட வேண்டாம். வழக்கமாகப் போகும் சாலையில், ஏசி போட்டு, 80 சதவீதத்திலிருந்து 60-க்கு இறங்கும்வரை ஓட்டி, டிரிப் மீட்டரைப் பாருங்கள். 40 யூனிட் பேட்டரியில் 45 கி.மீ. வந்திருந்தால், 8 யூனிட்டுக்கு 45 கி.மீ.; அதாவது கிலோமீட்டருக்கு 0.178 யூனிட். கடைசி 10 சதவீதத்தைத் தொடக்கூடாது என்று வைத்தால் 36 யூனிட் மிச்சம், சுமார் 200 கி.மீ. இதை ஹைவேயில் 80-லும் 100-லும் தனித்தனியாகச் செய்து பாருங்கள். இரண்டு எண்ணும் வெகுதூரம் விலகி நிற்கும்.

கேள்வி: இந்தியா எபிசோடு நம்மை அவமதித்ததா?
— வாசகர், மதுரை

பதில்: 2011 டிசம்பரில் வந்த அந்த எபிசோடில் ஜாகுவார் எக்ஸ்ஜேஎஸ், ரோல்ஸ் ராய்ஸ் சில்வர் ஷேடோ, மினி ஆகிய மூன்று பழைய வண்டிகளில் மும்பையிலிருந்து இமயம் வரை போனார்கள். ஜாகுவாரின் டிக்கியில் கழிப்பறை பொருத்திக் கேலி செய்ததற்காக இந்தியத் தூதரகம் பிபிசிக்குப் புகார் எழுதியது. அந்தப் புகார் நியாயமானது என்பதே எங்கள் கருத்து. எபிசோடின் குறையும் அதுதான்: இந்திய நெரிசலிலும் மலைப் பாதையிலும் பழைய வண்டி என்ன பாடுபடும் என்ற அருமையான விஷயம் கையில் இருந்தும், நேரத்தை வேறு எதிலோ செலவழித்தார்கள்.

கேள்வி: மூன்று சக்கர வண்டி கவிழ்ந்துதானே தொகுப்பாளர் ஃப்ளின்டாஃப் (முன்னாள் கிரிக்கெட் வீரர்) அடிபட்டார்? நான் ஆட்டோ ஓட்டுகிறவன். ரிலையன்ட் ராபின் மூன்று சக்கரக் கார் வளைவுக்கு வளைவு கவிழ்வதையும் அந்த நிகழ்ச்சியில் பார்த்தேன். மூணு சக்கரமே ஆபத்தா?
— வாசகர், திருச்சி

பதில்: அண்ணே, நீங்கள் பார்த்த ராபின் எபிசோடு 2010-ல் வந்தது. அந்த வண்டி அத்தனை தடவை கவிழ வேண்டும் என்பதற்காக அதன் டிஃப்ரன்ஷியலை மாற்றி வைத்திருந்ததாகக் கிளார்க்சனே 2016-ல் எழுதினார். ஆகவே அதை வைத்து எந்த முடிவுக்கும் வர வேண்டாம். ஆனால் கேள்வி நல்ல கேள்வி, கொஞ்சம் விரிவாகவே பார்ப்போம்.

முன் சக்கரத்திலிருந்து இரண்டு பின் சக்கரங்களுக்கும் கோடு போட்டால் ஒரு முக்கோணம். வண்டியின் மொத்தக் கனமும் குவியும் புள்ளி (கனமையம்) அந்த முக்கோணத்துக்குள் இருக்கும்வரை வண்டி நிற்கும். வளைவில் கனம் வெளிப்பக்கம் சாய்கிறது; முக்கோணத்தின் சாய்வுக் கோட்டைத் தாண்டினால் கவிழ்கிறது. நான்கு சக்கர வண்டிக்கு இந்த எல்லை முன்னும் பின்னும் ஒரே அகலம். ஆட்டோவில் முன்னே போகப் போக அகலம் குறைகிறது. எடுத்துக்காட்டாக, பின் சக்கரங்களின் இடைவெளி 1,200 மில்லிமீட்டர் என்றால் பாதி 600. கனமையம் பின் அச்சிலிருந்து மூன்றில் ஒரு பங்கு தூரம் முன்னால் இருந்தால், அந்த இடத்தில் பாதி அகலம் 400 தான். கனமையத்தின் உயரமும் 600 மில்லிமீட்டர் என்று வைத்தால், அதே அளவுள்ள நான்கு சக்கர வண்டி தாங்கும் பக்க விசையில் மூன்றில் இரண்டு பங்குக்கே ஆட்டோ சாய்ந்துவிடும்.

இதில் கவனிக்க வேண்டியது பிரேக். வளைவுக்குள் பிரேக் பிடித்தால் கனம் முன்னால் பாய்கிறது. முன்னால்தான் முக்கோணம் குறுகல். ஆட்டோக்கள் கவிழ்வதில் பல ‘வேகமாகத் திரும்பினான்’ என்று சொல்லப்பட்டாலும், திரும்பிக்கொண்டே பிரேக்கை மிதித்ததுதான் கடைசித் தள்ளு. ஆகவே வளைவுக்கு முன்பே, ஹேண்டில் நேராக இருக்கும்போதே வேகத்தைக் குறைத்துவிடுங்கள். வளைவுக்குள் சீராகப் போய், பாதி தாண்டியதும் லேசாக முறுக்குங்கள். கனம் அகலமான பின்பக்கம் போகும். டிரைவர் சீட்டின் இருபுறமும் ஆள் ஏற்றுவது கனத்தை முன்னாலும், கூரை மேல் மூட்டை கட்டுவது மேலேயும் கொண்டுபோகிறது. இரண்டுமே கெடுதல். பின் டயர் இரண்டிலும் காற்று சமமாக இருக்கட்டும்.

ஃப்ளின்டாஃப் ஓட்டிய மார்கன் சூப்பர் 3 நேர் எதிர் அமைப்பு: முன்னால் இரண்டு சக்கரம், பின்னால் ஒன்று. அதில் பிரேக்கின்போது நிலை உறுதி கூடும். வளைவில் ஆக்ஸிலரேட்டரை அமுக்கும்போது குறையும். ஆக மூன்று சக்கரம் என்பது பெரிய குற்றம் இல்லை. பெரிய குற்றம், கூரை இல்லாத திறந்த வண்டியில் ஹெல்மெட் இல்லாமல் ஓட்டியது. 2022 டிசம்பர் 13 அன்று நிகழ்ச்சியின் சோதனைத் தடமான டன்ஸ்ஃபோல்டில் அது உருண்டபோது முகம் தரையில் உரச அவர் இழுத்துச் செல்லப்பட்டார். இதனோடு 2006-ஐ ஒப்பிட்டுப் பாருங்கள். ஹாமண்ட் ஜெட் வண்டியில் மணிக்கு 288 மைல், அதாவது 463 கி.மீ. வேகத்தில் போகும்போது முன் டயர் வெடித்து உருண்டார். மூளையில் அடிபட்டாலும் பிழைத்தார். அவரைச் சுற்றி இரும்புக் கூண்டு இருந்தது, பல முனை பெல்ட் இருந்தது, தலையில் ஹெல்மெட் இருந்தது. அவற்றில் ஒன்றுமில்லாத வண்டியில், அதைவிடப் பல மடங்கு குறைந்த வேகத்தில், ஒரு மனிதரின் முகமும் ஒரு நிகழ்ச்சியும் போயின. மாட் லெப்ளாங்கும் ஹாரிஸும் 2019-ல் இலங்கையில் ஆட்டோ ஓட்டிய எபிசோடை இதற்குப் பிறகு பார்த்தால், சிரிப்பு நடுவில் நின்றுவிடுகிறது.

கேள்வி: ‘ஸ்டிக்’ ஓட்டும் லேப் நேரங்களை நம்பலாமா?
— வாசகர், புதுச்சேரி

பதில்: ஸ்டிக் என்பது ஹெல்மெட்டுக்குள் முகத்தை மறைத்த சோதனை ஓட்டுநர். அந்த உடைக்குள் ஆள் மாறியிருந்தாலும், தடம் ஒன்றே என்பதால் தோராயமாக நம்பலாம். டன்ஸ்ஃபோல்ட் பழைய விமானத் தளத்தில் 2.8 கி.மீ. தடம் அது. ஈரமாக இருந்தால் பலகையில் நேரத்தோடு குறிப்பு இருக்கும். ஈர நேரத்தை உலர் நேரத்தோடு ஒப்பிடாதீர்கள். அரை விநாடிக்குள் இருக்கும் வித்தியாசத்தை வெயில், டயர் சூடு என்று விட்டுவிடுங்கள்.

அந்தப் பலகை தந்த மிகச் சிறந்த பாடம் 2006-ல் வந்தது. கோனிக்செக் சிசிஎக்ஸ் 1 நிமிடம் 20.4 விநாடி எடுத்தது. ஓட்டத்தில் தடத்தை விட்டு வழுக்கி டயர்ச் சுவரிலும் மோதியது. பின்னால் ஒரு இறக்கை வேண்டும் என்று ஸ்டிக் தரப்பு சொல்ல, கம்பெனி வண்டியைக் கொண்டுபோய் இறக்கை பொருத்தித் திரும்பியது. நேரம் 1 நிமிடம் 17.6. என்ஜினில் ஒரு குதிரை சக்திகூடக் கூட்டவில்லை. பின் சக்கரத்தைக் காற்று கீழே அழுத்தியதால் மட்டும் 2.8 விநாடி. வண்டி தோற்றது, காரணம் தெரிந்தது, சரிசெய்தார்கள். இந்த நிகழ்ச்சி இதையே இன்னும் அதிகமாகச் செய்திருக்கலாம்.

கேள்வி: நானும் நண்பர்களும் யூடியூபில் தமிழில் கார் ரிவ்யூ செய்ய ஆசைப்படுகிறோம். ‘டாப் கியர்’ தரத்தில் எடுக்க என்ன வேண்டும்?
— வாசகர், கோவை

பதில்: அந்தப் படங்கள் அழகாக இருப்பதற்குப் பாதிக் காரணம் பொறுமை. திரையில் மூன்று விநாடி வரும் ஒரு வளைவுக்காக அதே வண்டி அதே இடத்தில் ஐந்தாறு தடவை போகிறது; கேமரா ஒவ்வொரு தடவையும் இடம் மாறுகிறது. நீங்களும் அப்படியே எடுங்கள். நம் வெயிலில் காலை எட்டரைக்குள்ளும் மாலை நாலரைக்குப் பிறகும்தான் பெயின்டின் நிறம் நிறமாகத் தெரியும். கண்ணாடி வழியாக உள்ளே இருப்பவரை எடுக்கும்போது லென்ஸில் போலரைசர் ஃபில்டர் போட்டுத் திருகினால் வானத்தின் பிரதிபலிப்பு மறையும்.

படம் சுமாராக இருந்தால் பொறுப்பார்கள், சத்தம் மோசமென்றால் போய்விடுவார்கள். உள்ளே பேசும்போது சட்டையில் குத்தும் மைக், ஜன்னல் மூடி, ஏசி ஃபேன் மிகக் குறைந்த வேகத்தில். சைலன்ஸர் சத்தத்துக்குத் தனி மைக்கைப் பின் பம்பருக்கு அடியில், புகை நேராகப் படாத பக்கம், ரோமக் காற்றுத் தடுப்போடு கட்டுங்கள். வெளியே ஒட்டும் கேமராவின் சக்‌ஷன் மவுண்டுக்கு முன் அந்த இடத்தை ஈரத்துணியால் துடைத்து உலரவிடுங்கள். இரண்டாவதாக ஒரு கயிற்றை வண்டிக்குள் கட்டி வையுங்கள். வெயிலில் ரப்பர் இளகும், அதனால் பதினைந்து நிமிடத்துக்கு ஒருமுறை நிறுத்தி அழுத்திப் பாருங்கள். கழன்று விழும் கேமரா பின்னால் வரும் பைக்காரரின் முகத்தில்தான் போய் அடிக்கும்.

எண்களில் ஏமாறாதீர்கள். வண்டியின் ஸ்பீடோமீட்டர் நிஜ வேகத்தைவிடக் குறைத்துக் காட்டக்கூடாது என்பது விதி, அதனால் எல்லாமே கொஞ்சம் கூட்டிக் காட்டும். 0–100 அளக்க மொபைல் ஜிபிஎஸ் போதாது. அது விநாடிக்கு ஒரு தடவை பதிந்தால், பத்து விநாடி ஓட்டத்தில் ஒரு விநாடி பிழை வரும். விநாடிக்குக் குறைந்தது 10 தடவை பதியும் கருவி வாங்குங்கள். டயர் குளிர்ந்திருக்கும்போதே கதவுத் தூணில் எழுதியுள்ள அழுத்தத்துக்குக் காற்று வையுங்கள். ஒரே சாலையில் இரண்டு திசையிலும் ஓட்டிச் சராசரி எடுங்கள்; காற்றும் சாய்வும் ஒன்றையொன்று கழித்துக்கொள்ளும். மைலேஜுக்கு அதே பங்கில், அதே பம்பில், பம்பு தானாக நிற்கும்வரை நிரப்பி, குறைந்தது 200 கி.மீ. ஓட்டி, மறுபடி அதே பம்பில் நிரப்பிக் கணக்கிடுங்கள்.

வேகச் சோதனைக்கு அவிநாசி ரோட்டையோ எல் அண்ட் டி பைபாஸையோ நினைக்காதீர்கள். பொதுச் சாலையில் வேகப் போட்டியோ சோதனையோ நடத்தினால் மோட்டார் வாகனச் சட்டம் 189-ஆவது பிரிவின்படி முதல் தடவைக்கே மூன்று மாதம் வரை சிறை, அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். உங்கள் ஊரிலேயே செட்டிப்பாளையத்தில் கரி மோட்டார் ஸ்பீட்வே இருக்கிறது, 2.1 கி.மீ. தடம். சென்னைப் பக்கம் இருங்காட்டுக்கோட்டையில் 3.7 கி.மீ. தடம். நான்கு பேர் பணம் போட்டு வாடகைக்குக் கேளுங்கள். போகும்போது ஹெல்மெட், தீயணைப்பான், முதலுதவிப் பெட்டி, வண்டியை இழுக்கும் பெல்ட், அளவு சரியான வீல் ஸ்பானர் ஆகியவை டிக்கியில் இருக்கட்டும். ஐந்து லேப் ஓடியதும் நின்று, டயர் சூடு ஆறிய பிறகு வீல் நட்டுகளை ஒருமுறை டார்க் ரெஞ்ச் வைத்துப் பாருங்கள்.